ஆறு மணிக்கு மேல் கூலி

மூன்று மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகலாம் என்றுதான் பேச்சு. ஆறு ஏழாகி ஏழு எட்டான பிறகும் சம்பளம் மட்டும் ஆறிலேயே நின்றது. நல்ல நியாயம்! கள்ளக்குறிச்சியில் பியூட்டி பார்லர் வைத்திருந்த இசைவாணி முகூர்த்த சீசன் என்பாள், பொண்ணு அலங்காரம் என்பாள். அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெருமாயி கூலி என்று வாயெடுத்தால், "நீ இன்னா வேத்தாளா? எங்க வூட்டுல ஒருத்தி இல்லியா?" என்று தோளில் கை போடுவாள். இவளும் பூரித்துப்போவாள்.

கல்வராயன் மலையில் பெருமாயியின் ஊரில் இந்தப் பேச்செல்லாம் எடுபடாது. களையெடுக்கப் போகிறவள் பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுப் போனால், திரும்பி வந்ததும் பார்த்துக்கொண்டவள் மடியில் ஒரு பிடி சாமையைப் போடுவாள். பிறகுதான் பிள்ளையைத் தொடுவாள். கூடப்பிறந்த அக்காவாக இருந்தாலும் அப்படித்தான். போடாமல் தூக்கினால் வெறும் உடம்புதான் கையோடு வரும், பிள்ளை வராது என்பார்கள். டவுனில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று பெருமாயி விட்டுவிட்டாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

நாலு வயது அபிநயா ஆறு மணிவரை எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருப்பாள். சோற்றைத் துப்புவாள், ரிமோட்டை ஒளித்துவைப்பாள். ஆறு அடித்ததும் அடங்கிப்போய்ப் பெருமாயி மடியில் ஏறிக்கொள்வாள். "கடுக்கா மரத்துகிட்ட நம்ம ஆடு கத்திகினு கீது" என்பாள். மலையில் பெருமாயி வீட்டு வாசலில் கடுக்காய் மரம் உண்டு. அதைப் பற்றி அவள் இந்த வீட்டில் மூச்சு விட்டதில்லை. எட்டு மணிக்கு இசைவாணி வந்து கை நீட்டினால், இது யாரோ என்பது போலக் குழந்தை பார்க்கும். தூக்கக் கலக்கம் என்று தாய்க்காரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

பெருமாயிக்கு ஊர்ச் சாமை ஞாபகம் வரும். பயந்தாளா என்றால் பயந்தாள்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மடி காலியாகக் கிடந்தவள் அவள். அந்தப் பயத்துக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதைப் போய் யாரிடம் சொல்ல முடியும்? கூலி கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குப் போக வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்தவர் அவள் மடியைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு அஞ்சு முடிஞ்சிதாம்மா?"

"எந்தப் பாப்பா?"

"இன்னாம்மா, மடியில வச்சிகினு எந்தப் பாப்பான்ற!"

மடியில் ஒன்றும் இல்லை. ஆனால் தொடை கனத்தது. சேலையில் குழந்தை உட்கார்ந்த சூடு இருந்தது, அபிநயாவுக்குப் போடும் பவுடர் வாசனை வந்தது.

"நாலுதாங்க" என்றாள் பெருமாயி. சொன்னது தன் வாயா என்று அவளுக்கே திக்கென்றது.

மலையடிவாரத்துக்கு முன்னால், கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றபோது போன் அடித்தது. இசைவாணிதான். "பெருமாயி, அபி கண்ணத் தொறந்துகினு அப்படியே கெடக்குறா. கூப்ட்டாலும் திரும்ப மாட்டேன்றா. டாக்டர் வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்றார். எனக்கு பயமா இருக்குது" என்று அழுதாள்.

மலை ஏறிவிட்டால் பிள்ளை பெருமாயியுடையது. ஒருத்தரும் வந்து கேட்க முடியாது. மடியில் இருந்தது அவள் நெஞ்சில் சாய்ந்தது. பாவி, அவள் கை அதை அணைக்கத்தான் போனது. அங்கே ஒருத்தி அழுகிறாளே என்று நினைத்தாள். எழுந்து இறங்கிவிட்டாள்.

கள்ளக்குறிச்சி வீட்டில் குழந்தை சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தது. பெருமாயி வாசற்படியைத் தாண்டவில்லை. முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"ஆறு மணிக்கு மேல பாத்ததுக்கு கூலி போடுங்கக்கா."

இசைவாணி கட்டிலை விட்டு எழுந்து வந்தாள். "புள்ள இப்படிக் கெடக்குது, இப்ப வந்து காசு கேக்குறியே, நீயெல்லாம் பொம்பளையா?"

"அப்பறமா திட்டுங்க. மொதல்ல போடுங்க."

இசைவாணி பையிலிருந்த நோட்டுகளை எடுத்து முந்தானையில் வீசினாள். குழந்தையின் விரல் அசைந்தது. கண் அசையவில்லை.

"இது கம்மிக்கா. உங்களுக்கே தெரியும்." பெருமாயி முந்தானையை மடக்கவில்லை.

இசைவாணி பல்லைக் கடித்துக்கொண்டு பீரோவைத் திறந்தாள். எவ்வளவு தர வேண்டும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறாள்! மிச்சம் முழுவதையும் கொண்டுவந்து போட்டாள். பணம் விழ விழப் பெருமாயியின் மடி லேசாகிக்கொண்டே வந்தது.

"அம்மா" என்று உள்ளேயிருந்து அபிநயா கூப்பிட்டாள்.

பெருமாயி ஓரடி எடுத்துவைத்து நின்றுவிட்டாள். கூப்பிட்டது அவளை அல்ல. இசைவாணி ஓடிப்போய்ப் பிள்ளையை வாரிக்கொண்டாள். தாயின் தோளுக்கு மேலே குழந்தை வாசலைப் பார்த்தது, இது யாரோ என்பது போல.

"இனிமே இந்தப் படி ஏறாத" என்றாள் இசைவாணி. "எங்க வூட்டுல ஒருத்தியாத்தான உன்ன வச்சிருந்தேன். உனக்குப் புள்ளைய வுட காசு பெருசா பூடுச்சி இல்ல?"

"ஆமாங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பெருமாயி முந்தானையை முடிந்துகொண்டு படி இறங்கினாள்.