துடுப்புத் தச்சரின் விலா

இரட்டையரில் ஒருவரைக் கட்டிக்கொண்டால் இன்னொருவரின் முகத்தோடும் சேர்த்துத்தான் குடித்தனம் நடத்த வேண்டும். என் கணவர் துடுப்பு செய்யும் தச்சர். ஒரு நாழிகை முந்திப் பிறந்த அவருடைய அண்ணனோ, எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஒரு குருவின் பின்னால் போனவர். அந்தக் குருவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர். கொல்லப்பட்ட குரு உயிர்த்தெழுந்தார் என்று சொல்வதற்காகக் கடல் தாண்டியும் போனார்.

அங்கே அவரை ஈட்டியால் குத்திக் கொன்றுவிட்டார்கள் என்று சேதி வந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"கப்பல்காரன் பேச்சு காத்தோட போச்சு. அவன் வருவான் பாரு" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துக்கத்தை இப்படி அடைகாத்தால் மனிதர் என்னத்துக்கு ஆவார்?

மூடுபனி பட்டறைக்குள்ளேயே புகுந்துவிட்ட ஒரு காலையில், வாசலில் கடல் தாண்டி வந்த, முன்பின் தெரியாத ஒரு பெண் மூட்டையோடு வந்து நின்றாள். பனியும் மரச்சுருளும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. நடுவில் துடுப்பை இழைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் அவள் மூட்டை கைநழுவி விழுந்தது.

"ஐயா... உங்களக் குளிப்பாட்டி அடக்கம் பண்ணினதே நான்தானே!"

இவர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"உயிர்த்து வந்த குருவோட காயத்தத் தொட்டப்புறம்தான் நம்பினேன்னு சொல்வீங்களே. நானும் தொட்டுப் பாக்கட்டுமா?"

'ஆமாம், நான்தான்' என்று சொன்னால் போதும். அவள் ஊரே கொண்டாடும். இவருக்கும் அண்ணன் சாகவில்லை என்றாகிவிடும். சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

இவர் சட்டையைத் தூக்கினார். தூங்கும் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல அவள் இவருடைய விலாவில் கை வைத்தாள். வெகு நேரம் தடவிப் பார்த்தாள்.

"காயமே இல்லயே" என்றாள். முகம் வாடிவிட்டது. "அப்ப நீங்க அவர் இல்ல."

"நான் அவன் தம்பிம்மா."

அவள் கையை எடுக்கப் போனாள். இவர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பாத்தீங்களா? உங்க கண்ணால?"

"இந்தக் கையாலதான் கழுவினேன்."

"எந்த இடம்?"

அவள் கையை ஒரு விரல்கடை தள்ளி வைத்துக் காட்டினாள். இவர் தன் உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்திக்கொண்டு அப்படியே மரச்சுருளின் மேல் உட்கார்ந்தார்.

"ரொம்ப வலிச்சுதாடா?" என்று கேட்டார். பிறகு அழ ஆரம்பித்தார்.