வெள்ளையடித்த ஏரி

அவனுக்குச் சுண்ணாம்பு என்று பெயர் விழுந்து வெகுகாலமாகிறது. மாப்பிள்ளை எவ்வளவு மங்கலாக இருந்தாலும் இவன் எடுக்கிற கல்யாணப் படத்தில் பளிச்சென்று வந்துவிடுவார். ஆல்பத்தைப் பார்த்த பெண் வீட்டார் “இது யாரு?” என்று மாப்பிள்ளையையே விசாரித்த கதையும் உண்டு. “வெள்ளையடிக்கிற ஆளைக் கூப்பிடுங்கப்பா” என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். தொழில் ஓடுகிறதே என்று அவனும் சிரித்து வைப்பான்.

ஏரிக்கரை விடுதிக்காரர் கூப்பிட்டதும் அந்தக் கைராசியை நம்பித்தான்.

“தம்பி, விடுதி காத்தாடுது. ஏரி உறைஞ்சு கிடக்கு. படத்தைப் பாத்த உடனே ஜனங்க ஐஸ் மேல நடக்கணும்னு குடும்பத்தோட கிளம்பி வரணும். அப்படி ஒண்ணு எடுத்துக் குடு.”

“ஐஸ் தாங்குமாண்ணே?”

“போன வருஷம் இது மேல வண்டியே ஓட்டுனாங்க. நீ வேற!”

போன வருஷக் குளிர் வேறு, இந்த வருஷக் குளிர் வேறு. இந்த முறை உறைபனி தாமதமாகத்தான் வந்தது. அதை அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அவருக்கோ அவசரம் தாங்கவில்லை. எடுக்க எடுக்கப் படம் தன் கைபேசிக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். கேமராவை இவன் தன் கைபேசியோடு இணைத்து அதற்கும் வழி செய்துகொடுத்தான்.

காலையில் கரைக்குப் போனபோது மரங்களெல்லாம் நரைத்துக் கிடந்தன. புல் காலடியில் நொறுங்கியது. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. அவ்வளவு பெரிய வெளியில் இவர்கள் இரண்டு பேர் மூச்சுவிடுவது மட்டும்தான் கேட்டது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெளிச்சம் நன்றாக இருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை.

இன்னொருத்தி அவன் மனைவி. வெள்ளை வெளியில் ஆள் தெரிய வேண்டும் என்று சிவப்புக் கோட்டு போட்டிருந்தாள். குளிரில் பேட்டரி சீக்கிரம் உயிரை விட்டுவிடும் என்பதால், மாற்றுப் பேட்டரிகள் அவள் கோட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் கிடந்தன.

“ஏங்க, நான் என்ன கோழியா? குளிர்காலம் வந்தா அடைகாக்கவே என்னைக் கூட்டிட்டு வர்றீங்க.”

“குஞ்சு பொரிச்சா சொல்லு” என்றான் அவன்.

அவள் சிரித்துக்கொண்டே ஏரிக்குள் காலை வைத்தாள். கரையோரம் கல்லாக இருந்தது. குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தாள், அசையவில்லை. மெல்ல நடுவை நோக்கி நடந்தாள்.

கேமராவை முக்காலியில் நிறுத்தி, கண்ணாடியில் ஆவி படியாதபடி முகத்தைத் திருப்பி மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு வெள்ளோட்டப் படம் எடுத்தான். எதிர்பார்த்த மாதிரியே அழுக்காக வந்தது. ஏரி முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. அவன் அலட்டிக்கொள்ளவில்லை. பனியில் படமெடுக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். கேமராவுக்கு வெள்ளை என்றாலே சந்தேகம். கண்ணெதிரே பனி கொட்டிக் கிடந்தாலும், இவ்வளவு வெளிச்சம் இருக்க முடியாது என்று தானாக முடிவு செய்து சாம்பலாக்கிக் காட்டும். நாம்தான் வெளிச்சத்தைக் கூட்டி அதன் தலையில் குட்ட வேண்டும். அவன் கூட்டினான். பனி வெள்ளையானது. அங்கங்கே கொஞ்சம் சாம்பல் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கூட்டினான். அதுவும் போய், ஏரி வெள்ளை வெளேரென்று ஒரே பாளமாக நின்றது. அதற்குப் பிறகுதான் படங்களை விடுதிக்காரருக்கு அனுப்பத் தொடங்கினான்.

உடனே கைபேசியில் அவர் குரல் வந்தது. “அடடா! இதுதான் தம்பி. அந்தப் பொண்ணை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி நிக்கச் சொல்லு. அப்பத்தான் ஏரி எவ்வளவு பெருசுன்னு தெரியும்.”

அவன் கையை வீசிக் காட்டினான். அவள் போனாள். மறுபடி வீசினான். ஓடை வந்து ஏரியில் கலக்கும் பக்கமாக நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று நின்றாள். கைபேசி அடித்தது.

“ஏங்க, இங்க ஒரு மாதிரி இருக்குங்க. கீழ சாம்பலா தெரியுது.”

“பனின்னா அப்படித்தான் தெரியும். காலையிலேர்ந்து எனக்கும் இதே பாடுதான்.”

“அது கேமராவுக்குங்க. நான் கண்ணால பாக்குறேன்.”

“கண்ணும் அதே மாதிரிதாம்மா ஏமாறும். இங்க படத்துல சுத்தமா வெள்ளையா இருக்கு. பயப்படாத, இன்னும் நாலு அடி.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து வெளிச்ச விஷயத்தில் அவன் சொன்னதே சட்டம். அதில் மட்டும் அவள் எதிர்த்துப் பேசியதில்லை.

“சரி” என்றாள். நாலு அடி வைத்தாள்.

அவன் எடுத்தான். அருமையான படம். கைபேசி அதை அனுப்பிவிட்டு, இத்தனை நேரம் குளிரில் படம் கடத்திய களைப்பில் திரை கறுத்து அணைந்துபோனது. போகட்டும், வேலை முடிந்தது என்று எடுத்தவற்றைக் கேமராவில் ஒரு தடவை பின்னோக்கித் தள்ளிப் பார்த்தான். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கடைசியில் அந்த முதல் வெள்ளோட்டப் படம் வந்தது.

அதில் ஏரி முழுக்கச் சாம்பல். ஆனால் ஒரே சாம்பல் இல்லை. ஓடை கலக்கும் பக்கம் ஈரத்துணி மாதிரி ஓர் இடம் மட்டும் கறுத்துக் கிடந்தது. கேமராவின் கோளாறு என்றால் எல்லா இடமும் ஒன்றுபோல அல்லவா மங்கியிருக்க வேண்டும்? கோளாறு எது, நிஜம் எது என்று பிரிக்காமல் இரண்டையும் சேர்த்து அவன் வெள்ளையடித்திருந்தான். அடியில் ஓடைநீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே ஏரி பேருக்குத்தான் உறைந்திருந்தது. இப்போது அவள் நிற்பது அந்த இடம்.

கைபேசியை அழுத்து அழுத்து என்று அழுத்தினான். அது செத்துக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தான். பனியை முறைத்து முறைத்துக் கூசிப்போன கண்ணுக்கு எல்லாமே வெள்ளையாகத்தான் தெரிந்தது.

“திரும்பி வா!” என்று கத்தி, வா வா என்று கையை வீசினான்.

அத்தனை தூரத்தில் அவளுக்குச் சொல் கேட்கவில்லை. கை மட்டும்தான் தெரிந்தது. காலையிலிருந்து அந்தக் கைவீச்சுக்கு ஒரே அர்த்தம்தான். இன்னும் தள்ளிப் போ. அவள் தலையாட்டிவிட்டு ஓர் அடி பின்னால் வைத்தாள்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. பீங்கான் தட்டு விரிசல் விடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். சிவப்புக் கோட்டு இடுப்பு வரைக்கும் இறங்கியது, பிறகு தோள் வரைக்கும்.

முக்காலியைக் கேமராவோடு தூக்கிக்கொண்டு ஓடினான். கிட்ட வந்ததும் குப்புற விழுந்து வயிற்றால் ஊர்ந்தான். “கடவுளே, கடவுளே” என்று வாய் புலம்பிக்கொண்டிருந்தது. முக்காலியின் ஒரு காலை நீட்டினான். அவள் கை அதைப் பற்றியது, வழுக்கியது, மறுபடி பற்றியது. திருகு கழன்ற கேமரா உருண்டு அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் போனது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழுத்தான். இழுத்துக்கொண்டே அழுதான்.

விடுதியின் முன்னறையில் கணப்புக்குப் பக்கத்தில் கிடத்தியபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. சமையல்காரம்மா ஈரத்துணியைக் களைந்து கம்பளிக்குமேல் கம்பளியாகச் சுற்றினார். டாக்டர் வந்து பார்த்து, உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மன்னிச்சிடு என்ற சொல்லுக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை.

“சாம்பல்தாங்க” என்றாள் அவள், பல் கிட்டிக்கொண்டே. “நான் பாத்தேன்.”

“நீ பாத்ததுதான் சரி. நான்தான் கேக்கல.”

அப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஒன்று இல்லை, வரிசையாக. அவள் அவன் கையை இறுக்கினாள்.

“அந்தப் படம் எங்கங்க?”

“கேமரா தண்ணியில போச்சு. போனா போகுது, விடு.”

“அனுப்புன படம்?”

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரி சாம்பல் என்று சொன்ன ஒரே படம் ஏரிக்கு அடியில் கிடக்கிறது. மீதி எல்லாம் கரையேறிவிட்டன.

வெளியே ஓடினான். விடுதிக்காரர் வாசலில் வெளுத்த முகத்தோடு இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“எடுத்த எடுப்புலயே எல்லாருக்கும் அனுப்பிட்டேன் தம்பி. இப்ப வேணாம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.”

ஏரிக்கு இறங்கும் பாதையில் ஒருவர் இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். இவன் குறுக்கே போய் விழுந்தான்.

“சார், ஐஸ் மேல போகாதீங்க. அது தாங்காது.”

“என்ன சார் தாங்காது? இதோ பாருங்க.” அவர் கைபேசியை நீட்டினார். வெள்ளை வெளேரென்று ஏரி, நடுவில் சிவப்புக் கோட்டு. “நடு ஏரியில ஒரு அம்மா நின்னு சிரிக்கிறாங்க.”

“அது என் பொண்டாட்டி சார். அந்தப் படத்துக்கு அடுத்த நிமிஷம் அவ தண்ணிக்குள்ள போயிட்டா. எடுத்தவன் நான்தான்.”

நனைந்த சட்டையைக்கூட மாற்றாமல் நின்றவனை அந்த மனிதர் ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளைகளை இழுத்துத் தன் பக்கம் அணைத்துக்கொண்டார். அவன் தோளுக்கு மேலே ஏரியைப் பார்த்த அவர் முகம் மாறியது.

அவன் திரும்பினான். அடுத்த கரை வழியாக இறங்கிய ஒரு குடும்பம் ஏற்கெனவே பாதி ஏரி வரைக்கும் போயிருந்தது. படத்தில் பார்த்த இடத்திலேயே தாங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார்கள் போல. ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். எதிரே ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, ஓடைப் பக்கமாகப் பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.

அவன் கத்திக்கொண்டே ஓடினான். கையை மட்டும் வீசவில்லை.

கைபேசி பிடித்திருந்தவர் வீசினார். இன்னும் கொஞ்சம் தள்ளி.