இருபத்துநாலு படம்

இருபத்தாறு மணி நேரமாக அவள் கண்ணை மூடவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவு வேலையை முடித்து, காலையில் அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டு, போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் பழைய கேமராக் கடைக்கு வந்திருந்தாள். டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசியிருந்தார். "சத்து மாத்திரை மாத்தியிருக்காரும்மா" என்று அம்மாவிடம் அதை முடித்துவிட்டாள்.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். முடி கொட்டியதிலிருந்து, செல்போனில் எடுக்கிற படத்தையெல்லாம் வாங்கிப் பார்த்துக் கையோடு அழிக்க வைத்துவிடுவாள். இந்த வருஷத்து அம்மாவின் படம் மகளிடம் ஒன்றுகூட இல்லை. ஃபிலிமில் எடுத்தால் அழிக்க முடியாது. கோட்டுப் பையிலேயே கிடக்கிற அளவுக்குச் சின்னதாக, நல்லதாக ஒன்று வேண்டும்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது ஜூம் உள்ளது. பையில் போட்டதும் கோட்டையே ஒரு பக்கமாக இழுத்தது. இரண்டாவதை வெளிச்சத்தில் பிடித்து லென்ஸைப் பார்த்தாள். உள்ளே நூல் நூலாகப் படர்ந்திருந்தது.

"பூஞ்சை."

"தூசி மேடம்."

"தினமும் மைக்ராஸ்கோப்புல பாக்கறேங்க. பூஞ்சைதான்."

"யார்கிட்ட தம்பி உங்க வேலைய காட்டறீங்க," என்றாள் அம்மா. "என் மூஞ்சிய பாத்தே மாத்திரை முழுங்கினேனா துப்பினேனான்னு சொல்லிடுவா."

மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கியது. தானே ஃபோகஸ் செய்துகொள்ளும். ஃபிளாஷை அணைத்து, மூடியை மூடித் திறந்தாள். அணைத்தது அணைத்தபடியே இருந்தது. அம்மாவுக்குக் கண் கூசாது.

"இது போதும்."

"எடுத்தது எங்கடி தெரியும்?"

"கழுவினாதான்மா தெரியும்."

"அப்ப எப்படி அழிப்பே?"

"அழிக்க முடியாது."

"அடிப்பாவி. இதுக்குத்தான் தூங்காம என்னை இழுத்துட்டு வந்தியா?" அம்மா கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்தாள். "ஒரு நாளைக்கு ஒண்ணு. ரெண்டாவது கேட்டே, மூஞ்சிய திருப்பிக்குவேன்."

பேரம் பேச மகளுக்குத் தெம்பில்லை. தலையாட்டினாள்.

"ரோல்ல எத்தனை தம்பி?"

"முப்பத்தாறும்மா. முடிஞ்சதும் கொண்டாங்க, அஞ்சு நாள்ல கழுவித் தர்றேன்."

அம்மா விரல்கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

"இருபத்துநாலு எடுக்கற ரோல் இருக்கா?"

"இருக்கு. ஆனா முப்பத்தாறுதாம்மா லாபம்."

"முப்பத்தாறே இருக்கட்டும்மா," என்றாள் மகள், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேணாம். இவ்வளவு தூரம் வந்து வாங்கறே, நானும் பாக்கணும்ல." அம்மா அவள் கையிலிருந்து கேமராவை மெல்ல வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நீ உள்ள இருந்தப்ப நர்ஸ்கிட்ட நானே கேட்டுட்டேன்டி. ஒரு மாசம்தானாம் எனக்கு."