நாலு மடங்கு வேகம்

படம் வந்து மூன்றாவது நாளே தியேட்டர் ஈ ஓட்டியது. இத்தனைக்கும் நல்ல படம். விமர்சனம் எழுதுகிறவர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். கடைசிவரை பார்த்தவர்கள் ஒரு குறை சொல்லவில்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை.

கத்திரி தன் அக்காவுக்குப் பக்கத்து இருக்கையில் முள்மேல் இருப்பது போல் உட்கார்ந்திருந்தான். ட்ரெய்லர் வெட்டுவது அவன் தொழில். அதனால் வந்த பட்டப்பெயர், இப்போது பெற்ற அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள். இந்தப் படத்துக்கும் ட்ரெய்லர் அவன்தான் வெட்டினான். படமோ அக்கா எழுதி வரைந்த காமிக்ஸிலிருந்து எடுத்தது. பகலில் லிஃப்ட் பழுதுபார்க்கிற ஒரு பெண், ஆபத்தென்றால் பறப்பாள்.

ட்ரெய்லரில் அவள் பறந்தாள், உதைத்தாள், கட்டடம் கட்டடமாக நொறுக்கினாள். தயாரிப்பாளர் கைதட்டினார். அதை நம்பி விசிலடிக்க வந்த இளவட்டங்கள் இடைவேளையிலேயே எழுந்து போய்விட்டார்கள். பின்னே? சண்டையெல்லாம் சேர்த்தால் பத்து நிமிஷம் தேறாது. மீதி முழுக்க ஒரு வீடும் அதற்குள் இருக்கிற மனுஷர்களும்தான். அதை ரசிக்கக்கூடியவர்களோ, ஐயோ அடிதடி, தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். யாரைக் கூப்பிட வேண்டுமோ அவர்களைக் கூப்பிடாமல் விட்ட புண்ணியவான் கத்திரி.

அதைக்கூடத் தொழிலில் நடக்கிற தப்பு என்று மென்று விழுங்கிவிடலாம். உண்மை அதைவிடக் கேவலம். அவன் படத்தையே பார்க்கவில்லை. கை நிறைய வேலை. சத்தத்தை அணைத்துவிட்டு, முழுப் படத்தையும் நாலு மடங்கு வேகத்தில் ஓட விட்டான். அந்த வேகத்தில் பறக்கிறதும் வெடிக்கிறதும்தான் கண்ணில் படும். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் வாய் மட்டும் படபடவென்று அசையும், தாண்டிப் போய்விடுவான். காமிக்ஸையும் படித்ததில்லை. "சூப்பர்க்கா, பின்னிட்டே!" என்று ஃபோனில் அள்ளிவிட்டதோடு சரி. இது அவளுக்குத் தெரிந்துவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் நிற்பது? அந்தப் பயத்தில் தியேட்டர் பக்கமே தலைகாட்டாமல் இருந்தவனை, இன்று அவளே கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. நாயகியின் தம்பி திக்குவாய்ப் பையன். மறுநாள் வகுப்பில் எழுந்து தன் பெயரைச் சொல்லியாக வேண்டும். அக்காக்காரி அவனை அலமாரிக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்று, அவசரமே இல்லாமல் அவனோடு சேர்ந்து சொல்லிப் பார்க்கிறாள். பறக்கத் தெரிந்தவள், அன்று பூராவும் முதல் எழுத்தைத் தாண்டவில்லை.

கத்திரி இருக்கையின் நுனிக்கு நகர்ந்தான். மூலையில் விரிசல் விட்ட அந்தக் கண்ணாடி அவர்கள் வீட்டுக் கண்ணாடி. அதன் முன்னால் நின்ற பையன் அவனேதான். இன்று வாய் ஓயாமல் பேசுகிறவனுக்குப் பேச்சு வந்த கதை இது. ஓட்டிப் பார்த்தபோது, அந்தப் பையனுக்குத் திக்குகிறது என்பதுகூட இந்த மகானுக்குத் தெரியவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தபோது, முன்னால் போன ஒரு பெண்மணி ஃபோனில் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தாள். "சண்டைப் படம்னு நினைச்சு உன்னை வேற வர வேணாம்னுட்டேன்டி. இப்படின்னு முதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவாம்?"

கத்திரிக்கு அழுகை முட்டியது. அக்கா பார்த்துவிட்டாள். பாப்கார்ன் கடைப் பக்கம் ஒதுங்கி, அவன் தோளைத் தட்டினாள்.

"விடுடா. அந்தக் கண்ணாடி சீன்ல ஒரு துண்டுகூட நீ ட்ரெய்லர்ல வைக்காதப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. பழசைக் கிளறினா உனக்குச் சங்கடமாத்தானே இருக்கும்? உன்னை ஒரு வார்த்தை கேக்காம எழுதினது என் தப்பு."

தலையை ஆட்டினால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு நிற்கிறாளே! அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இல்லக்கா. நான் படத்தைப் பாக்கவே இல்ல. வேகமா ஓட்டிட்டு, சண்டையை மட்டும் வெட்டினேன். புக்கும் படிக்கல. அந்தப் பையன் இருக்கான்னே இன்னிக்குத்தான் தெரியும்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு பக்கம்கூடவா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"ரெண்டாவது புக்ல அந்தப் பையனையே எடுத்துட்டேன்டா" என்றாள் அக்கா. "ட்ரெய்லர் வந்த அன்னிக்கே எடுத்தேன். உன் மனசு நோகக் கூடாதுன்னு. வரைஞ்சு முடிச்ச பக்கத்தை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, அவன் இல்லாம மறுபடி வரைஞ்சேன்."

"ஐயோ, திருப்பிச் சேர்த்துடுக்கா. உன் கால்ல வேணா விழறேன்."

"அச்சாகி வந்தாச்சு" என்றாள்.