ஒலி கட்டாயமில்லை

கிர்கிஸ்தானின் பிஷ்கேக் நகரத்துக் கணினிச் சந்தையில் தைனாருடைய கடையின் கடைசி மேசை, சனிக்கிழமைகளில் சைகலுக்கு. மற்ற நாட்களில் அவள் குடிநீர் அலுவலகத்தில் கணினி நெட்வொர்க் பார்ப்பவள். சனிக்கிழமை வந்தால் இரண்டு நண்பர்களோடு அங்கே உட்கார்ந்து, பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிச் சோதிப்பாள். லினக்ஸ் இலவசம்தான், ஆனால் எல்லா இயந்திரத்திலும் அது ஒழுங்காக ஓடாது. எதில் ஓடும் என்று வாங்குபவருக்குத் தெரியத்தான் அவர்கள் ஒட்டும் பச்சை லேபிள். திரை, விசைப்பலகை, வைஃபை மூன்றும் வேலை செய்தால் ‘லினக்ஸில் ஓடும்’ என்று ஒட்டிவிடுவார்கள். ஒலியும் கேமராவும் கட்டாயமில்லை. அந்த விதியை எழுதியவளே சைகல்தான்.

குளிருக்கு எரித்த கரியின் புகை ஊரை மூடியிருந்த ஒரு சனிக்கிழமை, உலார்பெக் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நீதிமன்றக் காகிதங்களை ருஷ்ய மொழியிலிருந்து கிர்கிஸுக்கு மொழிபெயர்ப்பவர். வெள்ளைக் கோலால் மேசையின் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, மடிக்கணினியை அவள் முன்னால் வைத்தார்.

“லேபிள் ஒட்டுறது நீதானா தங்கச்சி?”

“ஆமாண்ணே.”

“போன வாரம் இங்கதான் வாங்கினேன். லேபிள் இருக்கு, ஓடும்னு கடைக்காரத் தம்பி படிச்சுக் காட்டினான். வீட்டுக்குப் போனா ஊமையா உட்கார்ந்திருக்கு.”

சைகல் திறந்து பார்த்தாள். திரை பளிச்சென்று இருந்தது, வைஃபை உடனே பிடித்தது. ஒலிச் சில்லுக்கு மட்டும், அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸில் இன்னும் இல்லை.

“எங்க விதிப்படி ஒலி கட்டாயமில்லண்ணே...”

“திரை?”

“அது கட்டாயம்.”

“எனக்குத் திரை இதுதான்” என்று அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். “எழுத்தை எல்லாம் அது படிச்சுச் சொல்லணும், நான் கேக்கணும். திரை எரியாத பொட்டிக்கு ஓடும்னு லேபிள் ஒட்டுவியா நீ?”

சைகலுக்குக் காது மடல் சுட்டது.

“திட்ட வரலம்மா” என்றார் அவர். “திட்டுறதா இருந்தா கடைக்காரன்கிட்டயே திட்டியிருப்பேன். அவன்தான் பதிலுக்குக் குரல் ஏத்துவான், சண்டை நல்லா இருந்திருக்கும்.”

நண்பர்கள் இருவரும் முனகினார்கள். ஒலியையும் கட்டாயமாக்கினால் பாதி லேபிளைக் கிழிக்க வேண்டியிருக்கும். சைகல் வேறொன்று சொன்னாள்: ‘ஓடும்’ என்ற ஒற்றைச் சொல்லே வேண்டாம். ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் போட்டு, பக்கத்தில் ஓடும், ஓடாது என்று எழுதிவிடலாம். யாருக்கு எது தேவை என்று வாங்குபவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

“அதை எனக்கு யாரு படிச்சுக் காட்டுவா? அதே தம்பிதானே?” என்றார் உலார்பெக்.

அதனால் எல்லாப் பாகமும் ஓடுகிற இயந்திரத்தின் லேபிளுக்கு மட்டும் ஒரு மூலையை வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று. விரலால் தடவினாலே தெரியும்.

தைனாருக்கு இது அறவே பிடிக்கவில்லை. “குறையை நாமே எழுதி ஒட்டிட்டா எவன்க்கா வாங்குவான்? பொண்ணு பார்க்க வந்தவன்கிட்ட பல் வலியைச் சொல்ற மாதிரி இருக்கு.”

“கட்டிக்கிட்டப்புறம் தெரிஞ்சா பரவால்லையா?”

அவன் சிரித்தான். சம்மதித்துவிட்டான் என்றுதான் சைகல் நினைத்தாள். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால், அலமாரியில் இருந்த அத்தனை லேபிளுக்கும் மூலை வெட்டப்பட்டிருந்தது. ‘ஒலி ஓடாது’ என்று அவளே கைப்பட எழுதியதற்குக்கூட.

“என்ன தைனார் இது?”

“பார்வை உள்ளவங்க எழுத்தைப் படிச்சுக்குவாங்க. பார்வை இல்லாதவங்க எத்தனை பேரு வரப்போறாங்க, விடுக்கா.”

அவள் கத்தவில்லை. ஹேர் டிரையரால் பசையைச் சூடாக்கி, ஒவ்வொரு லேபிளாக உரித்தாள். தைனார் தடுத்தான், பிறகு கெஞ்சினான், கடைசியில் மேசையைக் காலி பண்ணச் சொன்னான். உரித்து முடித்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள். இத்தனை நாள் உட்கார்ந்த இடம் போயிற்று. இரண்டு வாரம் சந்தைப் பக்கமே போகவில்லை.

மேல்தளத்தில் கடை வைத்திருந்த புருல் அவளைக் கூப்பிட்டாள். “என் கடைல ஒட்டு. கத்தரிக்கோலை நீயே வச்சுக்கோ.” அங்கே வியாபாரம் அப்படியொன்றும் பிய்த்துக்கொண்டு போகவில்லை. ஆனால் கேமரா ஓடாது என்று எழுதியதைக் கேமரா வேண்டாதவர்கள் பேரம் பேசி வாங்கினார்கள், திருப்பிக் கொண்டுவரவில்லை.

உலார்பெக்குக்கு யூஎஸ்பியில் செருகும் வெளி ஒலிக்கருவி ஒன்றைச் சைகல் கொடுத்தாள். அவர் அதை வைத்து வேலையைப் பார்த்துக்கொண்டார், ஆனால் சும்மா இருக்கவில்லை. டிரைவர் எழுதுகிறவர்களுக்குப் பிழை அறிக்கை அனுப்பினார். அவர்கள் கேட்ட சோதனைகளைச் சைகலைக் கூட வைத்துக்கொண்டு செய்து அனுப்பினார். வசந்தத்தில் வந்த லினக்ஸின் புதிய பதிப்பில் திருத்தம் சேர்ந்திருந்தது.

அதைச் சரிபார்க்க அவர் வீட்டுக்குப் போனாள். எண்ணெயில் பொரித்த சூடான போர்சோக் ரொட்டியும் தேநீரும் வைத்திருந்தார். வெளிக்கருவியைப் பிடுங்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்ததும், அது படபடவென்று பேசத் தொடங்கியது. ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுகிற வேகம். சைகலுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

“என்னண்ணே சொல்லுது?”

“சார்ஜ் கம்மியாம், வயரை மாட்டச் சொல்லுது” என்றார் அவர், போர்சோக்கை மென்றுகொண்டே.