தோளளவில் ஒரு கீறல்

அந்தக் குடியிருப்பில் வெளியாளிடம் சொல்லும் பொய் மறுநாள் விடிவதற்குள் உண்மையாகிவிடும். அதனால் அங்கே யாரும் வெளியாளிடம் வாயைக் கொடுப்பதில்லை. தையல்காரர் ஒருமுறை, தன்னைத் தேடி வந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் "அவரு வீட்ல இல்லீங்க" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். அன்றிலிருந்து தையல் மெஷின் ஓடுகிறது, சட்டையும் சொன்ன நேரத்துக்குக் கிடைக்கிறது, ஆளைத்தான் காணோம். யாராவது ஒரு வெளியாளிடம் "வீட்ல இருக்காரு" என்று மாற்றிச் சொன்னால் போதும். அவர் மனைவி ஏனோ இதுவரை அவசரப்படவில்லை. ஆனால் செத்தவர்களைப் பற்றி மட்டும் பேசவே கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. திரும்பி வருவது யாரென்று யார் கண்டது?

அங்கேதான் அளவு டேப்பும் கேமராவுமாக ஒருத்தி வந்து இறங்கினாள். ஊரின் வரலாற்றையும் குணத்தையும் எழுதப் போவதாகவும், ஊர் பழையது என்று நிரூபித்துவிட்டால் வரப்போகும் சாலை இதை இடிக்காமல் விலகிப் போகும் என்றும் சொன்னாள். டேப்பம்மா என்று பெயர் வைத்தார்களே தவிர ஒருவரும் அவளை நம்பவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது என்றார்கள். பழையது என்று எழுதிவிட்டால் சொந்தச் சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டிவரும் என்று கொத்தனார் கிளப்பிவிட்டார். தேய்ந்து குழிந்த படிகளை அவள் தடவித் தடவிப் பார்த்தது தச்சருக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாம் புதுசும்மா. நேத்து கட்டின மாதிரிதான்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் படிகளில் குழிவு இல்லை, சுவர்களில் பாசி இல்லை. தன் வீட்டு வெடிப்பு மறைந்ததில் கொத்தனாருக்கு உள்ளூரச் சந்தோஷம். தச்சர் வீட்டு வாசல் நிலையில் புது மரவாசனை அடித்தது. வருடாவருடம் மகளை அதில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு நேராகத் தச்சர் கத்தியால் கீறுவார். அவள் குதிகாலைத் தூக்கி ஏமாற்றுவாள், அவர் தோளை அமுக்குவார். அம்மாவின் இடுப்பளவோடு கீறல்கள் நின்றன. அந்த வருடம்தான் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். இப்போது மரம் வழவழவென்று இருந்தது. தச்சரின் மனைவி அதைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"இருந்த ஒண்ணையும் துடைச்சிட்டீங்களே" என்றாள். அதன் பிறகு அவரோடு பேசவில்லை.

தெருவில் டேப்பம்மா கேமராவையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தச்சரின் மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வீடுகள் புதிதாகிவிட்டதால், பழையவை என்பதுதான் இப்போது பொய்.

"எல்லாம் ரொம்பப் பழசு. எங்க மாமனாரோட தாத்தா காலத்துது. இதோ பாருங்க, என் பொண்ணோட கீறல்" என்று வெறும் மரத்தைக் காட்டினாள். டேப்பம்மா அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். தச்சர் மனைவியின் கை கீழிருந்து ஒவ்வொரு வயதாக ஏறியது. இடுப்பளவில் நின்றிருக்க வேண்டும். பட்டறையிலிருந்து தச்சர் இருமினார். கை நிற்கவில்லை, அவளுடைய தோள்வரை போனது.

"இது இந்த வருஷத்துது."

"பொண்ணு எங்கே?"

"உள்ளே தூங்குறா."

விடிந்தபோது படிகள் குழிந்திருந்தன, கொத்தனாரின் வெடிப்பு வந்திருந்தது, நிலையில் தோளளவுவரை கீறல்கள் இருந்தன. உள்ளறையில் முகத்தில் முடி விழ ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். இவ்வூர்க்காரர்களுக்குப் பொய் பேசத் தெரியாது என்று டேப்பம்மா அறிக்கை எழுதினாள். சாலை விலகிப் போனது. ஊர் அந்தப் பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்தது. அவளுக்கு நிழல் விழுகிறதா என்று தையல்காரர் மனைவி வெயிலில் நிறுத்தியே பார்த்துவிட்டாள். எல்லோரையும்விடத் தச்சருக்குத்தான் சந்தேகம். அந்தப் பெண் பரிமாறினால் பசியில்லை என்று எழுந்துவிடுவார்.

அடுத்த வருடம் அவள் தானாகவே போய் நிலையில் சாய்ந்து நின்றாள். தச்சர் வேண்டாவெறுப்பாகக் கத்தியை எடுத்துவந்து அவள் தலைக்கு நேராக வைத்தார். அவள் உயரம் மெல்லக் கூடியது. குனிந்து பார்த்தார். குதிகால் இரண்டும் தரையில் இல்லை.

"காலைக் கீழ வை, கழுதை" என்று தோளை அமுக்கிப் பிடித்துக் கீறினார். பிறகு கையைக் கழுவிவிட்டு, அவளையே சோறு போடச் சொன்னார்.