சிலுவையில் இருந்தவருக்குப் பல்வலி

மழைக்காலம் முடிந்த வாரத்தில், தேவாலயத்தில் சிலுவையில் தொங்கும் மரச்சிலைக்குப் பல்வலி வந்தது. முதலில் இடது கன்னம் லேசாக வீங்கியது. ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்று பூசைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பிறகு முனகல் கேட்க ஆரம்பித்தது. பிரசங்கத்தின் நடுவே முனகினால் சாமியார் பேச்சை நிறுத்துவார். அடங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மணியடிப்பவர் நீளக் கம்பின் நுனியில் பஞ்சைச் சுற்றி, கிராம்புத் தைலம் தடவிப் பார்த்தார். வெங்காய விலை இறங்கியதைச் சொல்வதுபோல் ஜனங்கள் இதையும் கடைத்தெருவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மரத்துக்கு எப்படிப் பல் வலிக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வலி அவருக்குள் இருக்கும் மனிதருக்கா, கடவுளுக்கா என்பதில்தான் சண்டை மூண்டது.

மருந்துக்கடைக்காரர் ஒரு கட்சி. வேதத்தில் படகில் தூங்கியது மனிதர், புயலை அதட்டியது கடவுள். பசித்தது மனிதர், அப்பத்தைப் பெருக்கியது கடவுள். ஆகவே பல்வலி மனிதருக்கு மட்டுமே, கடவுள் சௌக்கியமாக இருக்கிறார் என்றார். தையல்காரர் எதிர்க்கட்சி. தைத்த சட்டையில் துணி வேறு நூல் வேறு என்று பிரித்தெடுத்தால் அப்புறம் எதைப் போட்டுக்கொள்வது என்று கேட்டார். இரண்டாகப் பிரித்தால் நமக்காகச் செத்தது பாதி ஆள்தானா என்று அவர் மேசையைத் தட்டியதில் ஊசி டப்பா கவிழ்ந்தது. சாமியார் சமாதானம் செய்யப்போய், இரண்டு இயல்புகள், ஒரே ஆள், கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல் என்று திருச்சபையின் பழைய தீர்மானத்தை எடுத்து வாசித்தார். கேட்டவர்களுக்குத் தலை சுற்றியது. சுருக்கமாகச் சொல்லுங்கள் சாமி என்றார்கள். இதுதான் சுருக்கம் என்றார் அவர், பாவம்.

இந்தக் கூத்தெல்லாம் ஊரின் ஒரே பல் டாக்டரின் காதில் பாதிதான் விழுந்தது. அவள் கணவன் எலெக்ட்ரீஷியன். ஜவுளிக்கடைப் பலகைக்கு விளக்கு மாட்டும்போது ஏணியிலிருந்து தலைகுப்புற விழுந்தவன், அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, திறந்துதான் பார்க்க வேண்டும், பிழைப்பதும் பிழைக்காததும் எங்கள் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். யார் கையில் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையைத்தான் அவள் தினமும் போய் நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை தலையைக் காட்டினால் போதும் என்று இருந்தவள். இப்போது கிளினிக் மூடியதும் நேரே அங்கே போய் உட்கார்ந்து, மேலே அவர் முனக, கீழே இவள் அழுவாள்.

கணவனுக்கு ஆபரேஷன் குறித்த காலையில் சாமியாரே வீடு தேடி வந்தார். வீக்கம் கண்வரை ஏறிவிட்டதாம், பார்க்கச் சகிக்கவில்லையாம். நாளைக்கு வருகிறேன் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் சீழ் கழுத்துக்கு இறங்கினால் என்ன ஆகும் என்று படித்தவள் அவள். ஆபரேஷன் அறைக்குள் எப்படியும் அவளை விடப்போவதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடிப்பதற்கு இதைச் செய்யலாம் என்று பையை எடுத்தாள். வேறு உயரமான ஏணி கிடைக்காததால் கணவன் விழுந்த அதே ஏணியைத் தூக்கிக்கொண்டு மாமியாரும் கூடவே வந்தாள்.

தேவாலயத்தில் இரண்டு கட்சியும் ஆளுக்கொரு பக்கம் பெஞ்சு பிடித்து உட்கார்ந்திருந்தன. டாக்டர் மரத்துப்போகும் ஊசியை எடுத்ததுமே சண்டை தொடங்கிவிட்டது.

"ஊசி உடம்போட நின்னுடும் டாக்டர், கடவுள்கிட்டப் போகாது. தைரியமா போடுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒரே ஆளுங்க அவரு. பாதி மரத்து பாதி முழிச்சிருக்க முடியுமா? போட்டீங்கன்னா, தெளியற வரைக்கும் நம்ம வேண்டுதல யாரு கேக்கறது?" என்றார் தையல்காரர்.

ஏணியைப் பிடித்திருந்த மாமியார் எந்தக் கட்சியிலும் இல்லாதவள். அவள் மருமகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "போடாதம்மா. இந்நேரம் அங்க அவன் தலையத் திறந்திருப்பாங்க. இவரும் மரத்துப் போயிட்டா எம் புள்ளைய யாரும்மா பாத்துப்பா?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மருந்துக்கடைக்காரர் சொன்னது சரியாகத்தான் பட்டது. தையல்காரர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. ஊசி போடாமல் பல் பிடுங்குவது பாவம் என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. ஆனாலும் ஊசியைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

கிட்டத்தில் பார்த்தால் மரத்தில் வியர்வை பூத்திருந்தது. கீழ்வரிசையில் கடைவாய்ப் பல். வாயைத் திறக்கச் சொன்னாள், திறந்தார். அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தாள். நாற்காலியில் உட்காரும் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வார்த்தை, பழக்கதோஷத்தில் தானாக வந்துவிட்டது.

"வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திடறேன்."

இரண்டு கையிலும் ஆணி அடித்துத் தொங்குகிறவரிடம் போய்ச் சொல்கிறாளே என்று கீழே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் குறடைப் போட்டு அசைத்தாள். அவர் கையைத் தூக்கினார். ஆணி சிலுவையிலேயே நிற்க, இடது கை மட்டும் அதிலிருந்து கழன்று மேலே எழுந்தது. சிரித்தவர் வாயை மூடிக்கொண்டார். அவளும் சொன்னபடி குறடை வெளியே எடுத்தாள்.

"தெரியும், வலிக்குதுன்னு தெரியும். ஊசி இருக்கு, எனக்குத்தான் போட மனசு வரல. அவரு அங்க படுத்திருக்காரு. நீங்க முழிச்சிருக்கணும்" என்று விக்கி விக்கிச் சொன்னாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, திரும்பிப் பார்க்காமல் சட்டை மாட்டும் கொக்கியைத் தேடுகிறவர் மாதிரி, கையால் பின்னால் துழாவி ஆணியைக் கண்டுபிடித்தார். உள்ளங்கையை அதில் பொருத்தி அழுத்திக்கொண்டார். வாயை முன்னைவிடப் பெரிதாகத் திறந்தார். அவள் பிடுங்கினாள்.

பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு இறங்கி வந்து பல்லைக் கழுவினாள். அது மரமில்லை. அதில் வெள்ளி அடைப்பு ஒன்று இருந்தது. அடைப்பின் ஓரத்தில் சின்ன மேடு. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். கல்யாணமான புதிதில், படிப்பு முடித்த கையோடு, கணவனுக்கு அவள் அடைத்த பல் அது. அவசரத்தில் மேடு நின்றுவிட்டது. சரிசெய்து தருகிறேன் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியும், நாக்குக்குப் பழகிப்போச்சு, இருக்கட்டும் விடு என்று சிரிப்பான். தன் கைவேலை தனக்குத் தெரியாமல் போகுமா? பல்லைக் கையில் இறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கணவன் பிழைத்துக்கொண்டான். சாயங்காலம் கண் திறந்து, வாய் ஏன் உப்புக் கரிக்கிறது என்று கேட்டான். இடது கீழ்வரிசையில் புதுசாக ஒரு பொக்கை. தலைக்குத்தான் ஆபரேஷன், பல்லை யாரும் தொடவில்லையே என்று நர்ஸ் விழித்தாள். மூச்சுக்குழாய் இடித்திருக்கும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் ஊர்ச்சண்டை தீரவில்லை, இன்னும் சிக்கலானதுதான் மிச்சம். கையைத் தூக்கியது மனிதர், திருப்பி ஆணியில் வைத்தது கடவுள் என்றார் மருந்துக்கடைக்காரர். தூக்கியதும் வைத்ததும் ஒரே கைதானே என்றார் தையல்காரர். இரண்டு பேரும் சேர்ந்தே கிளினிக்குக்கு வந்து, பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள்தான், நீங்களே சொல்லுங்கள் டாக்டர் என்றார்கள். தெரியவில்லை என்றாள். மழுப்பவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. கணவனின் பல் அவர் வாய்க்குள் எப்படிப் போனது என்பதே அவளுக்கு விளங்காதபோது, அவருக்குள் எத்தனை பேர் என்று அவள் எதைக் கண்டாள்? வருஷங்கள் ஓடின. மருந்துக்கடைக்காரர் பேரன்கள் ஒரு பக்கமும் தையல்காரர் பேரன்கள் மறுபக்கமும் இன்றும் பெஞ்சு பிரித்துத்தான் உட்காருகிறார்கள்.

கணவனுக்கு அந்தப் பொக்கைக்குப் பக்கத்துப் பல் பின்னாளில் கூசத் தொடங்கியது. ஆனால் அந்தக் கூச்சம் அவனுக்குத் தெரியாது. எவ்வளவு சில்லென்று குடித்தாலும் சுகமாகத்தான் இருக்கும். அவன் ஐஸ் தண்ணீர் குடிக்கும் நேரம் தேவாலயத்தில் மெல்லிய முனகல் கேட்கிறது என்று மணியடிப்பவர்தான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்து வந்து சொன்னார். அன்றைக்கே டாக்டர் பிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டில்களை எடுத்துவிட்டாள். கோடையிலும் அந்த வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீர்தான். அவன் டம்ளரை வாங்கினால் முதலில் விரலை விட்டுப் பார்ப்பான். சூடு பத்தவில்லை என்றால், "இன்னும் கொஞ்சம் சுட வச்சுக் குடும்மா, அவருக்கு வலிக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான்.